நாக்கு பார்க்கும் மாமி

புனேயில் நாத்தனார் வீட்டுக்குப் போன இடத்தில் எனக்கு டைபாய்டு வந்துவிட்டது. ஊர் திரும்புமுன் மகளுக்கு மான் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவளோடு சரணாலய ஜீப்பில் ஏறினேன். நடுக்காட்டில் காய்ச்சல் திரும்பினால் குழந்தையை யார் பார்ப்பது என்ற பயம் கூடவே ஏறியது.

எதிரே, புனேக்குப் பக்கத்துப் பிம்ப்ரியில் குடியிருக்கும் தமிழ் மாமி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. யாரைக் கண்டாலும் நாக்கை நீட்டச் சொல்வது அவர் வழக்கம் போலிருந்தது. ஜீப் கிளம்புமுன்பே டிரைவரின் நாக்கைப் பார்த்து, மலச்சிக்கல் என்று எல்லோருக்கும் அறிவித்திருந்தார்.

"முகமே சரியில்லையே. காய்ச்சலா? நாக்கை நீட்டும்மா."

"இங்கேயா மாமி?"

"பின்னே, மானா வந்து பார்க்கும்?"

நீட்டினேன். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பின்சீட்டு மராத்திக் குடும்பமும் எட்டிப் பார்த்தது.

"அரே, ஏக்தம் சுத்தம்! காய்ச்சல் இனி வராது, போ."

"அம்மா, மான்!" என்று மகள் கத்தினாள். நாங்கள் திரும்புவதற்குள் அது ஓடிவிட்டது. ஜீப்பிலேயே அவள் ஒருத்திதான் மானைப் பார்த்தாள்.

இறங்கும்போது கேட்டேன். "நீங்க டாக்டரா மாமி?"

"சேச்சே, டெலிபோன் ஆபீஸ்."

அவர் நாக்கைப் பார்த்ததும் போன என் பயம், அதைக் கேட்ட பிறகாவது திரும்பியிருக்க வேண்டும். ஏன் திரும்பவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.