வராந்தாவைப் பார்த்து அடிக்கும் பந்து

நதியா அக்கா என் பெரியம்மா மகள். கடமலைக்குண்டில் வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் போடி மலைமேல் குடியேறியபின் அங்கிருந்த எஸ்டேட் கிளப்பில் கேடியானாள். கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் வேலை. ஆள் குறைந்த சாயங்காலங்களில் அவளும் ஆடிப் பழகினாள். தூரமாக அடிக்க அவளுக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் சிப்பில்தான்.

குழியிருக்கும் வழவழப்பான புல்வட்டம் கிரீன். அதன் ஓரத்தில் கிடக்கும் பந்தை மெல்லத் தட்டி எழுப்பி உள்ளே சேர்ப்பது சிப். கடைசிக் கிரீனுக்கு நேர் பின்னால் கிளப் வராந்தா. ஒரு சித்திரையில் அக்கா தட்டிய பந்து எழும்பாமல் பாய்ந்து, அங்கே பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் காதோரமாகச் சுவரில் மோதியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் அதற்குப் பின் அந்த இடத்தில் கை நடுங்கியது.

பிறகு, பைகளைத் தூக்க வண்டி வரப்போகிறது, இனி கேடிகள் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரே ஒருவரை வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கும் இன்னொரு கேடி சண்முகராஜுக்கும் போட்டி: அதே கிரீனில் ஆளுக்கு ஒரு சிப். யார் பந்து குழிக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அவருக்கு வேலை. இல்லையென்றால் மறுபடியும் வெங்காயக் காடு.

பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்த நான் அப்போது அவள் வீட்டில் இருந்தேன். போட்டிக்கு முதல்நாள் அவள் பழகியபோது கூடப் போனேன்.

"அக்கா, பந்துகிட்ட வந்ததும் கைய இழுத்துப் பிடிச்சிர்றியே?"

"பின்ன? களைக்கொத்திய அப்படியே விட்டா வெங்காயம் ரெண்டாப் போயிராதா?" என்றவள் மட்டையை வெறித்தாள். "அடப்பாவி! இந்தக் களைக்கொத்திப் பழக்கந்தானா லே?"

அதன்பின் கையைப் பிடிக்காமல் மட்டையைப் புல்லில் உரசிக்கொண்டு போகவிட்டாள். பந்து அழகாக எழுந்தது.

"ஆளில்லாத வராந்தாவுக்கு நல்லாத்தான் அடிக்கேன்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வராந்தா நிறைய ஆட்கள். மடியில் பிள்ளைகள். சண்முகராஜின் பந்து குழியைத் தாண்டி நாலு எட்டில் நின்றது. அக்கா மட்டையைப் பிடித்தாள். அதன் நுனி ஆடுவது எனக்கே தெரிந்தது. சட்டென்று அதைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவை நோக்கி நடந்தாள். விட்டுவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"கோவிச்சுக்கிடாதீக. எல்லாரும் கொஞ்சம் அங்கன தள்ளி உக்காருங்க. பந்து வந்தாலும் வரும்."

ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பெரியவர் மட்டும் அசையவில்லை.

"சொல்லித்தர வர்றவளுக்கே நம்பிக்கை இல்லையா? நான் இருக்கேன். அடி, பாப்போம்."

"அப்ப நான் அடிக்கலைங்கய்யா."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். வேலைக்கான நேர்காணலில் புரியாத கேள்வியைத் திருப்பிக் கேட்கக்கூடப் பயந்தவன் நான். இவள் வேலையையே விடத் துணிந்து நிற்கிறாள். இது பயமா, தைரியமா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

அக்கா வந்து அடித்தாள். புல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பந்து தாழ்வாக எழுந்து, கிரீனில் விழுந்து உருண்டது.

"மதினி, அங்கன என்ன சுவத்தப் பாக்குறீக?" என்று சண்முகராஜ் கத்தினான். "பந்து இங்கன கெடக்கு. என் பந்தவிடக் குழிக்குக் கிட்டத்துல நிக்குது. வேலை ஒங்களுக்குத்தான், போங்க!"

அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுப்பப் போனேன்.

"இருலே," என்றாள். "மொதல்ல அவுகள்லாம் திரும்ப வந்து உக்காரட்டும்."