சுவரில் வளர்ந்த தலைகள்

காலை ஏழரை மணிக்கு நெல்லையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மகள் இருமினாள். ஊர்த்தூசி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஆலங்குளம் வரை வெயில் முதுகைச் சுட்டது. பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்று மாறி, தென்காசியில் இறங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடக் கட்டடங்களில் எங்கே காற்று அடைகிறது, எங்கே ஈரம் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. ஐந்தருவிக்கு அப்பால் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது என்று தலைமையாசிரியை அழைத்திருந்தார்.

பஸ் நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முருகையா முந்நூறு ரூபாய் கேட்டார். சீசனில் குற்றாலத்தில் அருவித் தண்ணீரைத் தவிர எல்லாமே விலை ஏறும் என்பதால் பேரம் பேசவில்லை. பள்ளியைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. மகள் இசக்கியம்மாள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாளாம்.

"செவத்துல தலை தலையா தெரியுது அண்ணாச்சி. எத்தன பெயிண்டு அடிச்சாலும் திரும்ப வருது. எம்புள்ள அதுக்கு முன்னாலதான் உக்காருதா. ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்கு. திங்கக்கெழம டீசி வாங்கிருவேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. பச்சைச் சுவரில், தரையில் உட்காரும் பிள்ளைகளின் உயரத்தில், வரிசையாகக் கறுத்த தலைகள். பிள்ளை இருந்த இடத்தில் ஒரு தலை, யாருமே இல்லாத இடத்திலும் ஒரு தலை. பிள்ளைகள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மரங்கள் ஆடின, உள்ளே சுவரில் மாட்டிய காலண்டர் தாள்கூட அசையவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒரு தலையை விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. முகர்ந்தால் தேங்காயெண்ணெய். எண்ணெய் வழிய வாரிவிட்ட தலைகள் வருஷக்கணக்காகச் சாய்ந்த இடத்தில், சாரல் ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தது. அதை மறைக்க மேலே மேலே அடித்த ஆயில் பெயிண்ட், சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கூரையோரத்து வென்டிலேட்டர்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"கொரங்கு சார். அது வழியா எறங்கி பிள்ளைகளோட சோத்த தூக்கிட்டுப் போயிருது. நாந்தான் அடைக்கச் சொன்னேன்" என்றார் தலைமையாசிரியை. வாசலில் நின்ற முருகையா மெல்லச் சொன்னார், "செங்கல் எறக்குனது நம்ம வண்டிலதான்."

பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பச் சொன்னேன். பெயிண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், துவாரங்களைத் திறந்து கம்பிவலை போட வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முருகையா கடப்பாரையோடு வந்துவிட்டார். முதல் செங்கல் விழுந்ததும் சாரல் காற்று நீளமாக ஓர் ஓசையோடு உள்ளே இறங்கியது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த இசக்கியம்மாள், "யப்பா, செவரு மூச்சு விடுது" என்றாள். டீசி பற்றி முருகையா அதற்குப் பிறகு பேசவில்லை.

மாலை வீடு திரும்பினேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். ஏசி குளிர் வெளியே போகாமலிருக்க அவள் அறையின் ஜன்னல் இடுக்குகளில் நான்தான் டேப் ஒட்டியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். அவள் சாய்ந்து படிக்கும் கட்டிலிலிருந்து தலையணைகளை எடுத்தேன்.

சுவரில் சின்னதாக ஒரு தலை கறுத்திருந்தது.