நடுவில் ஒரு நாற்காலி

என் மருமகன் லிப்ட் மெக்கானிக். சுவரில் காதை வைத்தே கோளாறு எந்த மாடியில் என்று சொல்லிவிடுவார். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன். அவர்தான் பத்து நாளாகத் தன் மகளைத் தூக்க மாட்டேன் என்கிறார். ஐம்பது நாள் குழந்தை, தங்கக்கட்டி. எனக்கோ அவளைக் கீழே விடவே மனசு வராது.

"ஏன் மாப்ளை, கடிச்சிடுவாளா? இன்னும் பல்லே முளைக்கலையே!"

"தூக்கினா என்னை அறியாம அந்தப் பாட்டு வாய்ல வருது மாமா. பாதியில நின்னுடுது. உடனே பாப்பா கதவைப் பாக்குறா."

அது ஒரு வீடியோ கேம் பாட்டு. சின்ன வயசில் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து விளையாடியது. கடைசிக் கட்டத்தில், "இருண்ணா, வந்துடறேன்" என்று ஆட்டத்தை அணைக்காமல் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு வெளியே போன தம்பி, சாலையில் அடிபட்டு இறந்துபோனான். டிவியில் மூன்று நாள் அந்தப் பாட்டின் முதல் பாதியே திரும்பத் திரும்ப ஓடியது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை. பிறகு கரண்ட் போனது. மீதிப் பாட்டும் அதோடு போனது.

அதை மேடையில் பெரிய இசைக்குழு வாசிக்கப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று டிக்கெட் வாங்கினார்.

"போறது நாம ரெண்டு பேர்தானே மாப்ளை?"

"நடுவுல ஒண்ணு இருக்கட்டும் மாமா."

ஞாயிறு மதியம். ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள். முப்பது வயலின்கள் ஒன்றாக அந்தப் பாட்டை எடுத்தன. எங்கள் நடுவிலிருந்த நாற்காலி மெதுவாக இறங்கியது.

மாப்பிள்ளை அதன் அடியில் விரலை விட்டுத் தடவினார்.

"ஸ்ப்ரிங் நல்லாத்தான் இருக்கு மாமா. பாரம் இல்லாம இறங்காது."

அந்தப் பக்கக் கைப்பிடியில் இருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

எப்போதும் நிற்கும் இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. ஒற்றைப் புல்லாங்குழல் அதை வாங்கிக்கொண்டு மேலே போனது. மாப்பிள்ளை அழுதபடி கடைசிவரை கேட்டார். கைதட்டல் எழுந்ததும் நாற்காலி டப்பென்று மடங்கியது. அவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு மகளைத் தூக்கினார். முணுமுணுத்தார். பாதியில் அவள் கதவைப் பார்த்தாள். அவர் நிறுத்தாமல் மீதியையும் பாடினார். அவள் பார்வை கதவிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, அப்பாவின் தோளுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில் நின்றது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

அவளுடைய முதல் சிரிப்பு. தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.