ஈரச் சாயத்தில் பதிந்த சப்பாத்து

எனக்குப் பேயிடம் பயமே கிடையாது, லோரியிடம்தான் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இந்தப் பொம்பளைக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடும். நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். பதினெட்டு வருஷமாகத் தொழிற்சாலையில் சரக்குச் சோதிக்கிற வேலை. கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சரி என்று முத்திரை வைப்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன்.

பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகிற பெரிய சாலை ஓரத்தில் எங்கள் தாமான், வரிசை வீடுகளாக ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் நாளைக்கு யாராவது என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். தொழிற்சாலைப் பேருந்து எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இறக்கிவிடும். வீடெல்லாம் இந்தப் பக்கம். இடையில் நான்கு தடம், நடுவில் தடுப்புகூடக் கிடையாது, கொள்கலன் லோரிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு வருகிற மாதிரி வரும். நடைபாலம் எங்கே என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவளை ஒரு கிலோமீட்டர் போய், ஏறி, இறங்கி, மறுபடி ஒரு கிலோமீட்டர் வா என்று சொல்கிறவன் ஒரு நாளாவது நடந்து பார்த்திருப்பானா?

நானும் ராஜியும் தினமும் ஒன்றாகத்தான் கடப்போம். ராஜேஸ்வரி, பக்கத்து வீடு, ஒரே தொழிற்சாலை. கணவர் இல்லை, ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை. ராஜிக்குச் சின்ன வயதில் கால் முறிந்து சரியாகச் சேராததால் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், அதனால் ஓட முடியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வா, இப்ப வா" என்று இழுத்துக்கொண்டு போவேன். அவள் சிரித்துக்கொண்டே, "பிலோ, நீ என்னைக் கோழி வெரட்டற மாதிரி வெரட்டற" என்பாள்.

சும்மா இருந்தோம் என்று நினைக்காதீர்கள். நகராண்மைக்கு மனு கொடுத்தோம், எங்களுக்கு ஒரு வெள்ளைக் கோடு, ஒரு விளக்கு, அவ்வளவுதான் கேட்டோம். காவல் நிலையத்துக்கும் போனோம், நான்தான் முன்னால் நின்று பேசினேன். கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர், திங்கட்கிழமையிலிருந்து மாலை ஆறிலிருந்து ஏழு வரை ஓர் ஆள் நின்று வண்டிகளை நிறுத்துவார் என்று வாய்விட்டுச் சொன்னார். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை; ராஜி மட்டும் ஆறரைப் பேருந்தில் வந்தாள்.

அந்த இடத்தை நான் அதிகம் சொல்லமாட்டேன். நான் வந்தபோது அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு செருப்பு மட்டும் சாக்கடை ஓரத்தில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. காவல் நிலையத்தில், கறுப்புச் சட்டை போட்டிருந்தாள், லோரிக்காரனுக்குத் தெரிந்திருக்காது என்றார்கள். நடைபாலம் இருக்கும்போது ஏன் சாலையில் இறங்கினாள் என்று, அழுதுகொண்டிருந்த மகளிடமே கேட்டார்கள். ஆள் நிற்பதாகச் சொன்னீர்களே என்று நான் கேட்டதற்கு, அப்படி ஓர் உத்தரவே கிடையாது என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அடுத்த வாரம் வந்தார்கள், வராமல் இல்லை. எதற்கு? தாமான் வாசலில் சாலைத் தடுப்பு போட்டு, தலைக்கவசம் போடாமல் ரொட்டி வாங்கப்போன எங்கள் ஆட்களுக்கு அபராதச் சம்மன் எழுத! லோரிகள் பாட்டுக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தன, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தெரு முருகையா அண்ணன் பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடத்தில் கோடு போடுகிற வேலை செய்கிறவர். ராஜியின் முப்பதாம் நாள் முடிந்த மறுவாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிலோ, எங்கிட்ட மிச்ச சாயம் இருக்கு. அவனுங்க போடமாட்டானுங்க. நாமளே போட்ருவோம்லா."

"புடிச்சி உள்ள போட்டா?"

"போடட்டும். உள்ள இருந்தா லோரி அடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. லோரி குறைவான நாள். சாலையின் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்தி, கூம்பு வைத்து, தாமான் சனமே வந்து நின்றது, மலாய்க்காரர், சீனர், எல்லாரும். காத்திருந்த கார்க்காரர்கள் திட்டினார்கள், நாங்களும் திட்டினோம். முருகையா அண்ணன் நூல் பிடித்து அளந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் பட்டை பட்டையாக வெள்ளை அடித்தார். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தியான கோடு அந்தச் சாலை பார்த்ததே இல்லை. கடைசிப் பட்டை முடிந்து எல்லாரும் இந்தப் பக்கக் கரைக்கு வந்து நின்றபோது ஆறரை ஆகியிருக்கும். வெளிச்சம் நன்றாகவே இருந்தது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் பார்த்துக் குழம்பினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்போது போலீஸ் கார் வந்தது. இறங்கியவர் சார்ஜன் தனபாலன். எங்களுக்குத் தெரிந்தவர்தான், ஓய்வு பெறுகிற வயது, தொப்பை, அதட்டுகிற குரல். கூட ஒரு மலாய்க்கார இளம் போலீஸ்காரர்.

"என்னம்மா இது? ரோட்ல சாயம் அடிக்க யாரு பெர்மிட் குடுத்தா?"

"சாகறதுக்கு யாரு பெர்மிட் குடுத்தா சார்ஜன்? அதுக்கு மட்டும் கேக்கமாட்டீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது. கவர்மெண்ட் ரோடு இது. எல்லார் பேரையும் எழுதவா?"

"எழுதுங்க. மொத பேரு ராஜேஸ்வரின்னு எழுதுங்க. அவளத்தான் நீங்க எழுதவே இல்ல!"

நான் கத்தியது அந்தக் கரைவரைக்கும் கேட்டிருக்கும். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, கோபம் இல்லை, வேறு ஏதோ. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அந்த மலாய்க்காரப் பையன்தான், "சார்ஜன்" என்று மெதுவாகக் கூப்பிட்டுச் சாலையைக் காட்டினான்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். சாலையில் ஒரு மனிதர் இல்லை. நாங்கள் எல்லாரும் கரையில் நிற்கிறோம், வண்டிகள் கூம்புக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. ஈரச் சாயத்தில், சரியாக நடுப் பட்டையில், இரண்டு சப்பாத்துத் தடங்கள். கனமான சப்பாத்து, அகலமான குதி. நடந்து வந்த தடம் இல்லை, திரும்பிப்போன தடமும் இல்லை, வெறும் இரண்டு தடம், காலை அகற்றி ஊன்றி ஒருவர் நிற்பாரே அந்த மாதிரி, லோரி வருகிற திசையைப் பார்த்து.

முருகையா அண்ணன் முதலில் கத்தினார், எந்த மடையன் மிதித்தது என்று. அதற்குள் அந்தக் கரைப் பக்கத்திலிருந்து இன்னொன்று வர ஆரம்பித்திருந்தது.

செருப்புத் தடம். நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன். முதல் பட்டையில் ஒன்று பதிந்தது, சாயம் லேசாக அமுங்கி ஓரம் பிதுங்கியது. அடுத்த பட்டையில் ஒன்று. அவசரமே இல்லாமல். இடது தடம் நேராக, வலது தடம் வெளிப்பக்கம் திரும்பி. சாயத்துக்கு மேலே காற்றுதான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. தடம் நடுப் பட்டைக்கு வந்தது, அந்தச் சப்பாத்துகளுக்குப் பின்புறமாகச் சுற்றிக் கடந்தது, இந்தப் பக்கம் வந்தது. கடைசிப் பட்டையில் எனக்கு இரண்டடி முன்னால் வலது தடம் பதிந்தபோது சாயம் ஒட்டிப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் புல். அவ்வளவுதான்.

மலாய்க்காரர் யாரோ துவா ஓத ஆரம்பித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன், போட்டதுகூடத் தெரியாமல். ராஜி கடந்துவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கடந்திருக்கவேண்டுமோ அப்படி.

சார்ஜன் தனபாலன் சாலையில் இறங்கி நடந்தார். பட்டைகளை மிதிக்காமல், தாண்டித் தாண்டி, நடுவில் போய்க் குனிந்து பார்த்தார். நான் பின்னாலேயே போனேன், எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை, கோபம் அவ்வளவு இருந்தது. சப்பாத்துத் தடத்தின் வலது குதியில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அவர் தன் வலது காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரப்பர் குதியில் அதே பிறை வெட்டு. அடியில் சாயம் ஒரு பொட்டு இல்லை, காய்ந்த மண்தான்.

"நீங்க இங்க வரவே இல்லியே இன்னும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன், வேறு வார்த்தை வரவில்லை.

அவர் காலை மெதுவாக இறக்கி வைத்தார். "வந்திருக்கணும்மா."

"என்ன?"

"அன்னைக்கு டூட்டி எனக்குத்தான். அந்த ரெண்டு நாளும். உத்தரவு இருந்துச்சி, என் பேருதான் போட்டிருந்தாங்க. அப்புறம் கிழிச்சிட்டாங்க." அவர் சாலை ஓரத்தில் இருந்த தேநீர் ஒட்டுக்கடையைக் காட்டினார். "தோ, அங்கதான் ஒக்காந்திருந்தேன். தே தாரிக் குடிச்சிக்கிட்டு. வெயிலா இருந்துச்சி, கொஞ்சம் கழிச்சிப் போலாம்னு... சத்தம் கேட்டுச்சி."

நடுச்சாலையில் நின்று அந்த மனிதரை நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது. கோயிலுக்குப் போகிறவள் சொல்கிற வார்த்தை இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு அந்த இளம் போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னார், இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் பெயரை யாரும் எழுதவில்லை.

கோடு போட நகராண்மைக்கு நேரம் கிடைக்கவில்லை, அழிக்க மூன்றே நாளில் ஆள் வந்தது. எல்லாவற்றின்மேலும் தார் ஊற்றி உருட்டிவிட்டுப் போனார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் பாதிப் பேரிடம் இருக்கிறது, காட்டினால் எவனோ மிதித்த தடம்தானே என்கிறார்கள். சொல்லட்டும். சார்ஜன் மாத்திரம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து நடுவில் நின்றார். சீருடையோடு, மழையிலும். நிலையத்தில் கேட்டதற்கு அப்படி ஒரு டூட்டி யாருக்கும் போடவில்லை என்றார்கள். நான் அவரைக் கடந்து போவேன், முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஒரு நாள் ஒரு துண்டுத் தாளில் தன் எண்ணை எழுதி நீட்டினார், "எதாச்சும்னா கூப்பிடுங்கம்மா" என்று. வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் ஓய்வு பெற்று லாயாங் லாயாங்கில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அங்கே கோடும் இல்லை, விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை வண்டிகள் நிற்கின்றன. நாங்கள் கரையில் வந்து நின்றதுமே, சாலையில் காலை வைக்கும் முன்பே. கொள்கலன் லோரிகூட. ஓட்டுகிறவன் என்னைப் பார்க்கமாட்டான், சாலை நடுவைப் பார்ப்பான், என் தலைக்கு ஒரு முழம் மேலே, கையை உயர்த்தி ஒரு சலாம் வைத்துவிட்டு நான் கடக்கும்வரை காத்திருப்பான். ஏழு மணிக்குப் பிறகு பழையபடி பறப்பார்கள்.

போன மாதம் என்னால் பொறுக்கமுடியவில்லை. வேலைக்கு விடுப்பு எடுத்திருந்த ஒரு நாள், ஆறரை மணிக்கு என் வீட்டுப் பின்கட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன். அங்கிருந்து பெரிய சாலைச் சத்தம் கேட்காது.

"சார்ஜன், எங்க இருக்கீங்க?"

"வீட்லதாம்மா. ஹால்ல ஒக்காந்திருக்கேன்." குரல் தேய்ந்து போயிருந்தது. "ஒக்காந்துதான் இருக்கேன், ஆனா ஆறு மணியானா கால் ரெண்டும் வலிக்குதும்மா. முட்டி எறங்குது. நின்னுக்கிட்டே இருக்கற மாதிரி. ஏழு மணிக்கு விட்ருது. டாக்டர் ஒண்ணும் இல்லங்கறாரு. இது எப்ப முடியும்னு ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமாம்மா?"

நிற்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பாவம் பார்க்கச் சொல்லாதீர்கள்.

அவர் மகன் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது, வாசலில் வெறும் மண் பாதை, லோரி வருகிற இடம் இல்லை. ஆனால் அவர் பேச்சை நிறுத்தியபோது தொலைபேசியில் அந்தப் பக்கம் ஒரு கனமான லோரி பிரேக் பிடித்து, உஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது. மிக அருகில், அவர் முகத்துக்கு நேரே நிற்கிற மாதிரி. அதற்குப் பின்னால், மெதுவாக, செருப்பு தேய்கிற சத்தம்.

"கேக்குதாம்மா?" என்றார். "ஒங்களுக்கும் கேக்குதா?"

இல்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.