கிணத்துக்கடவு ரவுட்டரில் இரண்டு பாதை

லோகப்பிரியா கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் முதன்முதலில் நுழைந்தது ஏணியோடு. அப்போது கணபதி பகுதியில் ஒரு கேபிள் ஒப்பந்தக்காரரிடம் வேலை. சீலிங்குக்குள் தலையை விட்டு ஒயர் இழுப்பாள். அப்புறம் பரீட்சைகள் எழுதி, பதினாறு வருடத்தில் அந்தக் கோவை மருத்துவமனைக்கும் அதன் கிளைகளுக்கும் நெட்வொர்க் பொறுப்பாளர் ஆனாள்.

அவள் காகிதத்தில் ஏற்றாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. கிணத்துக்கடவு கிளையில் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளை ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷன் ஆன தாய் அங்கேயே படுத்திருப்பாள். பிள்ளையைப் பார்க்க ஒரு வழி செய்து தரக் கூடாதா என்று பிரசவ வார்டு நர்ஸ் தெய்வாத்தாள் ஆறு வருடத்துக்கு முன் கேட்டாள். லோகப்பிரியா ஒரு பழைய கேமராவைக் கோவையில் இன்குபேட்டர் அறையில் மாட்டி, கிணத்துக்கடவு வார்டில் ஒரு திரையை வைத்து இணைத்துக் கொடுத்தாள்.

போன ஆவணியில் கிளைகளுக்குப் புது முறை வந்தது. அதுவரை ஒவ்வொரு ரவுட்டரும் தானே வழி பார்த்துத் தகவலை அனுப்பியது. இனிமேல் கோவையில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருள்தான் எது எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்லும். தன் பட்டியலில் இல்லாததை நிறுத்திவிடும். ஸ்கேன் படங்கள் கிளையிலிருந்து நொடியில் வந்து சேர்ந்ததில் டாக்டர்களுக்கு மகிழ்ச்சி. பட்டியலைத் தயாரித்தவள் லோகப்பிரியாதான்.

புது முறை வந்த மறுநாள் காலையில் தெய்வாத்தாள் போன் செய்தாள்.

"திரை இருட்டா இருக்குதுங்க. பிரத்யுஷான்னு ஒரு புள்ள, ஆபரேஷன் ஆகி மூணு நாளாச்சு. கொழந்த போயிருச்சு, அத மறைக்கத்தான் கேமராவ அணச்சுப்போட்டீங்கன்னு அழுகுது. எத்தன சொன்னாலும் நம்ப மாட்டேங்குது."

இன்குபேட்டர் அறைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. லோகப்பிரியா அந்த அறை நர்ஸைப் போனில் கூப்பிட்டு விசாரித்தாள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, குழாய் வழியே பால் இறங்குகிறது என்றார்கள். நிம்மதி வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தாள், கேமரா அதில் இல்லை.

பழைய கேமராவைப் புது மென்பொருளில் சேர்க்க, அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், நாலு நாள் ஆகும். பழைய முறைக்கே திரும்பினால் ஸ்கேன் படங்கள் மறுபடி தாமதமாகும். இரண்டையும் ஒரே இணைப்பில் விட்டுவிடலாம் என்று அவள் தன் துறைத் தலைவர் சென்னகேசவனிடம் போய்ச் சொன்னாள்.

"ரெண்டும் மோதிக்காதா, அம்மணி?"

"மோதாதுங்க சார். ரவுட்டர்ல ஒயர் சொருகற இன்டர்ஃபேஸ் ஒண்ணுதான், உள்ளுக்குள்ள ரெண்டா பிரிச்சுப்போடலாங்க. ஒரு நம்பரோட வர்ற தகவல் கன்ட்ரோலர் பேச்சக் கேக்கும். இன்னொரு நம்பரோட வர்றத ரவுட்டரே பழையபடி அனுப்பிரும்."

அவர் சரி என்றார். கோவையில் உட்கார்ந்தே மாற்றினால், ஒரு வரி பிசகினாலும் கிளையின் இணைப்பே அறுந்துவிடும். அதனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உக்கடத்தில், கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் ஏறினாள்.

கிளையில் ரவுட்டர் அறைக்குப் போவதற்கு முன் வார்டுக்குப் போனாள். பிரத்யுஷா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கேமரா நின்னது என்னாலதானுங்க. பட்டியல்ல எழுத மறந்துபோட்டேன். பாப்பா நல்லா இருக்குது. நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம், நீங்களே பாக்கற மாதிரி செஞ்சு தாரேன்."

 பிரத்யுஷா முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

இன்டர்ஃபேஸை இரண்டாகப் பிரித்து எழுதி முடித்ததும் ஸ்கேன் படங்கள் தடையில்லாமல் போயின. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. எழுதியதை மூன்று தடவை வாசித்தாள், தப்பு ஒன்றும் இல்லை. கடைசியில் திரையை ஓட்டும் பெட்டி அனுப்பும் தகவலையே பிரித்துப் பார்த்தாள். அந்தப் பழைய பெட்டிக்கு நம்பர் போட்டு அனுப்பவே தெரியாது. நம்பர் இல்லாமல் வருவதெல்லாம் பழைய பாதைக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

திரையில் ஒரு குல்லாய், ஒரு குட்டிக் கை.

பிரத்யுஷாவால் எழுந்து உட்கார முடியவில்லை. திரையின் ஒயரும் கட்டிலுக்கு எட்டவில்லை. லோகப்பிரியா திரையைச் சுவரிலிருந்து கழற்றி, ஒயர் எட்டிய தூரத்தில் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெரல் நீளமா இருக்குதுங்க. அவங்கப்பாவாட்ட, அதே வெரல்" என்றாள் பிரத்யுஷா.  பார்த்துக்கொண்டே இருந்து, அப்படியே தூங்கிப்போனாள். தெய்வாத்தாள் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் லோகப்பிரியாவுக்குக் கை வலிப்பது தெரிந்தது.

இரண்டு பாதையும் இன்றுவரை சேர்ந்தே ஓடுகின்றன. காங்கேயம் கிளையிலும் அப்படியே செய்யச் சொன்னார் சென்னகேசவன். ஐந்து வாரத்தில் குழந்தை வீட்டுக்குப் போனது.

தை மாதத்தில் ஒருநாள் பிரத்யுஷா குழந்தையோடு கோவை மருத்துவமனையின் கணினி அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். லோகப்பிரியா கையை ஒன்றுக்கு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து இழுத்தது. அவள் விடுவிக்கவில்லை, இழுக்கட்டும் என்று குனிந்து நின்றாள்.