அண்ணி பேசி வாங்கிய வேன்

என் அண்ணன் கடைக்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் பர்ஸைத் திறந்துவிடுவார். ஃப்ரிட்ஜ் வாங்கியபோது சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்று கையும் குலுக்கிவிட்டு வந்தவர். அதனால் வேன் வாங்கும் பேச்சு வந்ததும், அண்ணி முதல் வேலையாக அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காத நாளாகப் பார்த்துச் செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள்.

"நான் வேணா அரை நாள் லீவு கேக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாங்க. நீங்க வந்தா விலையும் கொடுத்து, அவங்களுக்கு டிப்ஸும் வச்சுட்டு வருவீங்க. நான் உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன்."

"அவளா? அவ பஸ்ல டிக்கெட் கேக்கவே வெக்கப்படுவா."

"அவ பேச வேணாம். பார்த்தாப் போதும்."

அண்ணி சலவைத் தொழில் செய்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் ஒரே ஒரு மெஷினை வைத்து, பக்கத்து முடிதிருத்தும் கடைத் துண்டுகளை வெளுத்துக் கொடுத்துத் தொடங்கினாள். இப்போது வீட்டின் பின்கட்டு முழுவதும் அவளுடையது. மூன்று மெஷின்கள், ஓர் உலர்த்தி, சுவரோரம் நீளமான இஸ்திரி மேஜை. அந்த மேஜை என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்த என்னை, கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே அவள்தான் அங்கே கொண்டு போய் நிறுத்தினாள். ஆறு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வருகின்றன. வண்டி மட்டும் வாடகை வண்டி. அந்த ஓட்டுநர் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. ஈர மூட்டைகளோடு வாசலில் நின்று அண்ணி எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஆறு விடுதிகளும் சேர்ந்து தருவதைப் போல இரண்டு மடங்கு துணி. ஆனால் நிபந்தனை கறார்: சொந்த மூடிய வேன் வேண்டும், அவர்களுடைய தள்ளுவண்டி இரண்டு அதில் நிமிர்ந்தபடி நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவுப் பத்திரத்தோடு வேனைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்திருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். பதிவுக்கு இரண்டு நாள் ஆகும். ஆக, செவ்வாய்க்கிழமையே விலை முடிந்தாக வேண்டும். அண்ணி எப்படியெல்லாமோ புரட்டி ஏற்பாடு செய்திருந்த தொகை இருபத்தொன்பதாயிரம் டாலர். அதற்கு மேல் ஒரு காசு போனாலும் வரும் மாதம் சோப்புத் தூள் வாங்க முடியாது.

அளவு பார்க்க ஆஸ்பத்திரி ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தது. என் தோள் உயரம், இரும்புக் கம்பி, நான்கு சக்கரம். அதில் ஒரு சக்கரம் கீச்சென்று கத்தும். அதைத் தள்ளிக்கொண்டுதான் எட்டுத் தெரு தாண்டி ஷோரூமுக்குப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணியோ கல்யாண ஊர்வலத்தில் போகிறவள்போல நடந்தாள்.

"தலையைக் குனியாதடி. திருடிட்டா போறோம்?"

ஷோரூம் வாசலில் ஆறு படிகள். தள்ளுவண்டி ஏறாது. காவலாளி பக்கவாட்டில் இருந்த சாய்தளத்தைக் காட்டினார். பளிங்குபோல் துடைத்த தரையில் எங்கள் சக்கரம் ஊரைக் கூட்டும்படி கத்திக்கொண்டே போனது. காப்பிக் கோப்பையோடு நின்ற இருவர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நீல டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் ஓடி வந்தார்.

"மேடம், இது... என்ன மேடம் இது?"

"அளவுகோல் சார்," என்றாள் அண்ணி. "அந்த வெள்ளை வேன் பின்கதவைக் கொஞ்சம் திறங்க."

டைக்காரர் கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் தள்ளினோம். தள்ளுவண்டி உள்ளே ஏறி, நிமிர்ந்து நின்றது. மேலே நான்கு விரல் இடம் மிச்சம். பக்கத்தில் இன்னொன்று நிற்க இடம் அப்படியே இருந்தது. அண்ணி வேனுக்குள்ளேயே ஏறி நின்று, கையைத் தட்டிக் கத்திவிட்டாள்.

"அம்மாடி! அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே! இதுதான்டி நம்ம வண்டி!"

நான் டைக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை தள்ளுவண்டியைப் பார்த்து மிரண்டிருந்த முகம் சட்டென்று நிதானமானது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அண்ணியும் அதைக் கவனித்துவிட்டாள். தள்ளுவண்டியை இறக்கும்போது என் காதருகில், "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா பாரு," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேஜையில் உட்காரவைத்து டைக்காரர் ஒரு தாளில் எழுதினார். வேன் இருபத்தெட்டாயிரம். "உங்களுக்காக" ஐந்நூறு தள்ளுபடி. பதிவும் காப்பீடும் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கையாளும் கட்டணம் அறுநூறு. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு எழுநூறு. மிதியடி, சீட் உறை என்று உபரிப் பொருள்கள் ஐந்நூறு. மொத்தம் முப்பத்தோராயிரத்து இருநூறு.

"வண்டி இது ஒண்ணுதான் மேடம் கையில இருக்கு. புதுசா புக் பண்ணினா ஆறு வாரம் ஆகும். நேத்துகூட ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார்."

அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இறங்கினாள். எங்கள் வீட்டில் மூட்டை வந்தால் 'நாற்பது உருப்படி' என்று சொல்வதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. கொண்டுவந்தவர் எதிரிலேயே அவிழ்த்து, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாளையும் அப்படித்தான் உதறினாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி," என்றாள். சார் போய்த் தம்பி வந்துவிட்டது. "நான் விடுதிக்குத் துணி வெளுக்கிறேன். எல்லா மேனேஜரும் படுக்கை விரிப்பு விலையில மட்டும்தான் என்கூடச் சண்டை போடுவாங்க. சரின்னு அதுல குறைச்சுக் கொடுப்பேன். தலையணை உறை விலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஒரு கட்டிலுக்கு நாலு உறை. விட்டதை அங்க பிடிச்சுடுவேன்."

டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி மேடம்..."

"இந்த அறுநூறு, எழுநூறு, ஐந்நூறு மூணும் உங்க தலையணை உறை. ஐந்நூறைக் குறைச்சு ஆயிரத்தெண்ணூறை ஏத்தியிருக்கீங்க. நான் பண்றதைவிட நல்லாவே பண்றீங்க!"

பக்கத்து மேஜைக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். டைக்காரரின் காது சிவந்தது. ஆனால் இறங்கிவரவில்லை. பூச்சு கட்டாயம் என்றார். உபரிப் பொருள்கள் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டன என்றார். பக்கத்து ஊரில் ஒரு டீலர் இதே வேனை இருபத்தேழுக்குத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார் என்றாள் அண்ணி. "அப்ப அங்கயே வாங்கிக்கலாம் மேடம்," என்று டைக்காரர் பேனாவை மூடிவிட்டார். அங்கே வண்டி வர ஒரு மாதம் ஆகும். அது அவருக்குத் தெரிந்திருக்கும்போல.

"வாடி போகலாம்," என்று அண்ணி எழுந்தாள்.

யாராவது பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தோம். கீச்சிடும் தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போவது இருக்கிறதே, அந்தக் கஷ்டம் யாருக்கும் வரக்கூடாது. நான்கு அடிக்கு ஒருமுறை அது பக்கவாட்டில் இழுத்தது. ஷோரூமே பார்க்க, மெதுவாக, கோணல்மாணலாக வெளியேறினோம். ஒருவரும் கூப்பிடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டைக்காரர் தொலைபேசியில் வேறு யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

முன்வாசல் பக்கம் ஒரு லாரியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளி எங்களைக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கமாகப் போகச் சொன்னார். அண்ணியின் முகம் வெளிறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கண் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக ஈரத்தில் ஊறிய கைகளால் தள்ளுவண்டிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. அதனால் நான்தான் பார்த்தேன்.

பின்பக்கம் கம்பி வேலிக்குள் அதே வெள்ளை வேன்கள் மூன்று நின்றன. மேலே புழுதி. ஒன்றின் முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் காய்ந்த இலைகள் படிந்து, மழையில் ஊறி, மறுபடி காய்ந்து ஒட்டிப்போயிருந்தன. ஒரு சக்கரத்தின் அடியில் புல் முளைத்திருந்தது.

தள்ளுவண்டியை நிறுத்தினேன். அண்ணியின் முழங்கையைக் கிள்ளினேன்.

"ஆ! ஏன்டி?"

"அண்ணி, ஒண்ணுதான் இருக்குன்னாரே. மூணு நிக்குது. இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. அந்த டயர்கிட்டப் பாருங்க, புல்லு."

அண்ணி வேலிக் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீட்டி எண்ணினாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

"என் தங்கமே! உங்கண்ணனுக்குப் பதிலா உன்னையே கட்டியிருக்கலாம்டி நான்!"

"உள்ள மறுபடியும் போறதா? மானம் போயிடும் அண்ணி."

"மானம் போனா வெளுத்துக்கலாம், நம்ம தொழிலே அதுதானே. தள்ளு!"

மறுபடியும் சாய்தளம், மறுபடியும் அந்தக் கத்தல். இந்த முறை அண்ணி டைக்காரரிடம் போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மேனேஜர் அறை வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தினாள். மேனேஜர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுச் சக்கரம்தானா காலையிலருந்து கத்துது? உக்காருங்கம்மா."

அண்ணி உட்கார்ந்தாள். இப்போது குரலில் சண்டையே இல்லை. "மேடம், பின்னாடி மூணு வண்டி புல்லு முளைச்சு நிக்குது. ஒண்ணுதான் இருக்குன்னு அந்த டை கட்டின தம்பி சொன்னார். அவரைக் குத்தம் சொல்ல வரல. எனக்கு வண்டி இன்னைக்கே வேணும், அதை மறைக்கல. உங்களுக்கு இடம் காலியாகணும். நீங்க நஷ்டத்துக்குக் கொடுக்க வேணாம். என்கிட்ட அடிமாட்டு விலைக்குப் பேசறவங்களை எனக்குப் பிடிக்காது, அதை நான் இன்னொருத்தருக்குப் பண்ண மாட்டேன். வண்டி இருபத்தேழு, பதிவும் காப்பீடும் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கையாளும் கட்டணம், பூச்சு ரெண்டும் வேணாம். உபரியைக் கழட்டிக்கோங்க. அதுல உங்களுக்கு லாபம் நிக்குதா நிக்கலையா, அதை மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் டைக்காரரைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து நானே நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். பிறகு கால்குலேட்டரை எடுத்தார், தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"இருபத்தேழே முக்கால்."

"இருபத்தேழு."

"இருபத்தேழு முன்னூறு. பூச்சும் வேணாம், உபரியும் வேணாம்."

அண்ணி கால்குலேட்டரை மேனேஜர் பக்கமே மறுபடி நகர்த்தி வைத்தாள்.

"மேடம், நிக்குதா நிக்கலையா?" என்றாள் அண்ணி மெல்ல.

மேனேஜர் சிரித்துவிட்டார். "நிக்குது. ரொம்ப இல்ல, ஆனா நிக்குது. இருபத்தேழே வச்சுக்கோங்க. ஆனா நம்பர் பலகை மாட்டறது, கழுவறது, பெட்ரோல் ஊத்தறதுக்கு நூத்தம்பது கொடுத்துடணும். அது நான் ஆளுக்குக் கொடுக்கிற காசு."

"நியாயம்," என்றாள் அண்ணி உடனே. பிறகு மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "இருபத்தொன்பதாயிரத்து அம்பதுடி. உன்கிட்ட அம்பது இருக்கா?"

என் சுருக்குப் பையைத் திறந்து மேஜைமேல் கொட்டினேன். இரண்டு நோட்டு, மிச்சம் எல்லாம் சில்லறை. மேனேஜர் அதை எண்ணக்கூட இல்லை. "போதும், போதும்," என்று கையால் அள்ளி இழுப்பறையில் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேன் கைக்கு வந்தது. வைப்பர் இலையெல்லாம் போய்ப் பளபளவென்று நின்றது. சாவியைக் கொடுத்த டைக்காரர் அண்ணியிடம், "அந்தத் தலையணை உறை விஷயத்தை எங்க மேடம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க," என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றோம். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் தாளைப் படித்தார், வேனுக்குள் தள்ளுவண்டி இரண்டையும் ஏற்றச் சொன்னார், கூரைக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே தன் கையை விட்டு அளந்தார். "திங்கள்லருந்து வந்துடுங்க," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அண்ணி ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாயெல்லாம் பல். திருப்பத்துக்கு விளக்குப் போடுகிறேன் என்று ஏதோ ஒன்றை அமுக்க, மழையே இல்லாத வெயிலில் வைப்பர் இரண்டும் சரக் சரக்கென்று ஆடத் தொடங்கின. வாசல் காவலாளி வேடிக்கை பார்த்தார்.

"நிறுத்துங்க அண்ணி, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்டி. எதை அமுக்கினா நிக்கும்னு வேற தெரியல. வீட்டுக்கு நேரா போக வேணாம். உங்கண்ணன் ஆபீஸ் வாசல் வழியா ஒரு சுத்துப் போவோம், ஹாரனைக் கண்டுபிடி!"