கேட்டுக்கு வெளியே ஒரு மாணவத் தலைவி

தொண்ணூறுகளின் நடுவில் நுவரெலியாவில் ஒரு பெரிய பாடசாலையில் உயர்தரம் படித்தேன். அங்கே மாணவத் தலைவர்கள் எல்லாரும் டவுன் பிள்ளைகள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கந்தோர் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. மாணவத் தலைவர் ஏழு மணிக்கே கேட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ராகலையிலிருந்து வரும் எங்கள் பஸ், ஏழரைக்கு மணி அடித்த பிறகுதான் வந்து சேரும்.

அந்த வருஷம் அதிபருக்கு என்ன தோன்றியதோ, தோட்டத்திலிருந்தும் ஒருத்தி இருக்கட்டும் என்று என்னைத் தெரிவு செய்தார். சின்னம் சூட்டிய அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. எப்படியாவது நேரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா மட்டும் கேட்டார்.

"காலையில பெரட்டுல பேரு குடுக்க லேட்டா போனா கங்காணி எங்கள வெரட்டுறாரு. இனி நீ புள்ளைங்கள வெரட்டப் போறியா?"

திங்கட்கிழமை முதல் கடமை. அன்றைக்கு மட்டும் பஸ் கொஞ்சம் வேகமாகப் போகாதா என்று ஏங்கினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, எனக்குப் பூசாரியாக வந்தது லீக்ஸ் மூட்டை. கந்தப்பளையில் பஸ்ஸை நிறுத்தி, சந்தைக்குப் போகும் அந்த மரக்கறியை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், மிதிபலகை வரை போய் வந்தேன், கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன். மூட்டையும் காசு கொடுத்துத்தான் வருகிறது என்று அவர் சிரித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. பிந்தி வருபவர்கள் முதல் பாடம் முடியும்வரை மைதானத்தில் புல் பிடுங்க வேண்டும் என்பது சட்டம். பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் கணிதம். ராகலை பஸ் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் கணிதம் படிக்காமல் புல் பிடுங்கினார்கள். பரீட்சையில் தவறினால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது என்றார்கள். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

உள்ளே நின்ற யாழ்ப்பாணத்து உப அதிபர் என் சின்னத்தைப் பார்த்தார். கதவை ஒருக்களித்து என்னை மட்டும் கூப்பிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் போவதா என்று அசையாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பதினோராம் ஆண்டுக்காரி என் முழங்கையை இடித்தாள்.

"போங்கக்கா. நீங்களும் வெளியில நின்னா எங்களுக்கு யாரு கதவ தொறப்பா?"

என் ரோஷத்தால் யாருக்கும் ஒரு கணக்குக்கூட விளங்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனேன். என்னைக் கேட்டில் காவல் வைத்துவிட்டு உப அதிபர் காலைக் கூட்டத்துக்குப் போனார். கூட்டம் கலைந்து எல்லாரும் வகுப்புக்குப் போகும் சந்தடியில் தாழ்ப்பாளை நீக்கி, புல்லுக்குப் போகாமல் வகுப்புக்கு ஓடச் சொன்னேன். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க எந்தச் சப்பாத்துச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தேன். என் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எதுவும் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை பிடிபட்டேன். புல் பிடுங்க மைதானத்தில் ஒருவரும் இல்லாததை உப அதிபர் கவனித்திருந்தார். அவர் கத்தவில்லை.

"நீர் மாணவத் தலைவியோ, இல்லாட்டி இவையின்ர ஆளோ?"

"நான் ராகலை பஸ், சேர்."

அவர் கையை நீட்டினார். சின்னத்தின் ஊசி துணியில் சிக்கிக்கொண்டு கழல நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றார். சின்னத்தைக் கொடுத்தேன்.

பின்னேரம் பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. சின்னம் போன வருத்தம் ஒரு பக்கம். திங்கட்கிழமை எல்லாரும் மறுபடி புல்லுக்குப் போவோமே என்ற தவிப்பு ஒரு பக்கம். அந்தப் பதினோராம் ஆண்டுக்காரிக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வாரம் படித்த கணக்குகளைப் பஸ் குலுங்கக் குலுங்கத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றில் பாதியில் நின்று, கொப்பியை மூடினாள்.

"இதுக்கு மேல திங்கக்கெழமதான் சொல்லித்தருவாங்களாம் அக்கா."